மலேரியா இல்லை என்று எழுதிய பிறகு

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளுடைய சுகாதார அமைச்சர்களுக்கும், அடிஸ் அபாபாவில் இயங்கும் ஆப்பிரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையத்தின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெருமக்களே,

வணக்கம். தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை பார்த்துவிட்டு, இப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் என் சொந்த ஊரில் இருப்பவன் நான். மருத்துவனும் அல்லன், ஆராய்ச்சியாளனும் அல்லன். நுண்ணோக்கிக்கும் பதிவேட்டுக்கும் இடையில் உட்கார்ந்திருந்தவன். அந்த இடத்திலிருந்து பார்த்த ஒன்றைத் தங்களிடம் சொல்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். முதலில் தமிழில் வெளியிட்டு, பிறகு ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் பெயர்த்துத் தங்களுக்கு அனுப்ப எண்ணம். உங்கள் கண்டத்துக் காய்ச்சலைப் பற்றித் தமிழில் ஏன் எழுத வேண்டும் என்று எவரேனும் கேட்டால், அதற்குரிய காரணமும் இம்மடலிலேயே இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்துப் பதிவேட்டில் காய்ச்சலோடு வருபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. பெயர், வயது, பகுதி, கடைசிக் கட்டத்தில் மலேரியா உண்டா இல்லையா என்ற முடிவு. 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரையிலான நீண்ட மழைக்காலத்தில், மசிக்கா என்று அங்கே சொல்வார்கள், அந்தக் கடைசிக் கட்டத்தில் 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போனது இன்றும் நினைவிருக்கிறது. வந்தவர்களுக்குக் கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டிலும் முதுகிலும் அடித்துப் போட்டது போன்ற வலி, சிலருக்கு ஈறில் ரத்தக் கசிவு. எங்களிடம் டெங்குவுக்கான பரிசோதனை அட்டை அப்போது இல்லை. 'இல்லை' என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்த பிறகும் பலருக்கு மலேரியா மாத்திரையே எழுதப்பட்டது. மற்றவர்களுக்கு ஓர் ஆன்டிபயாடிக். நகரத்தில் பரவிக்கொண்டிருந்தது டெங்கு என்று அரசு ஆய்வகங்கள் உறுதி செய்த பின்னரே, முந்தைய பக்கங்களைப் புரட்டி இவர்களில் எத்தனை பேருக்கு அது இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி என்ன பயன்? ரத்த மாதிரிகள் அதற்குள் குப்பைக்குப் போய்விட்டன.

நான் தங்கள் முன் வைக்க விரும்புவது இந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான். மலேரியா இல்லை என்று எழுதியவுடன் ஆப்பிரிக்காவின் பெரும்பாலான சுகாதார நிலையங்களில் கேள்வி முடிந்துவிடுகிறது. உண்மையில் கேள்வி தொடங்க வேண்டிய இடம் அது.

இதில் ஒரு கொடுமையான முரண் இருக்கிறது. கொசுவால் பரவும் வைரஸ்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் அது ஆப்பிரிக்காவின் வரைபடத்தைப் படிப்பது போல இருக்கும். 1937இல் உகாண்டாவின் மேற்கு நைல் மாவட்டத்துப் பெண் ஒருவரின் ரத்தத்தில் கண்டறியப்பட்டது வெஸ்ட் நைல் வைரஸ். 1947இல் அதே உகாண்டாவின் என்டெபே அருகிலுள்ள ஜிகா காட்டில், மஞ்சள் காய்ச்சலைக் கண்காணிக்கக் கூண்டில் வைக்கப்பட்டிருந்த குரங்கிலிருந்து எடுக்கப்பட்டது ஜிகா. 1930-31இல் கென்யாவின் நைவாஷா ஏரிப் பக்கத்துப் பண்ணையொன்றில் ஆட்டுக்குட்டிகள் மடிந்தபோது அறியப்பட்டது ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல். 1959இல் வடக்கு உகாண்டாவில் தொடங்கி மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 20 லட்சம் பேரைப் படுக்கவைத்த காய்ச்சலுக்கு ஓ-ன்யோங்-ன்யோங் என்று அச்சோலி மக்களின் மொழியிலேயே பெயர் வந்தது. உலகத்துக்கே பெயர்களைக் கொடுத்த மண்ணில், இன்று காய்ச்சலோடு வந்து வரிசையில் நிற்பவரின் காய்ச்சலுக்கு மட்டும் பெயர் இல்லை. அன்று பெயர் கண்டுபிடித்தவர்கள் யாருக்காகத் தேடினார்கள் என்பது வேறு கதை. என்டெபேயில் 1936இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அமைத்த மஞ்சள் காய்ச்சல் ஆய்வகம் உகாண்டாவின் குடிசைகளை மட்டும் மனத்தில் வைத்து அமைக்கப்படவில்லை. ஆனாலும் அவர்கள் தேடினார்கள், மாதிரியைத் தூக்கி எறியவில்லை.

சிக்குன்குனியாவின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்; நான் தமிழில் எழுதுவதற்கான காரணமும் அதில்தான் இருக்கிறது. 1952இல், அப்போது டாங்கன்யிகா என்று அழைக்கப்பட்ட, இன்று தான்சானியாவின் பகுதியாக இருக்கும் நாட்டின் தெற்கே, மகொண்டே பீடபூமியில் நியுவாலா வட்டாரத்து மக்களை அந்தக் காய்ச்சல் தாக்கியது. உடலை வளைத்து முறுக்குவது என்று பொருள்படும் மகொண்டே மொழிச் சொல்லே நோய்க்குப் பெயராயிற்று. (எங்கள் மொழியில் 'குனி' என்றாலும் வளைவதுதான், 'குனியா' என்றால் வளையாதது என்று பொருள் வந்துவிடும். குனிய முடியாமல் கிடந்த எங்கள் ஊர்க் கிழவர்களுக்கு இரண்டு பொருளும் பொருந்தியே இருந்தன.) அந்தப் பீடபூமியில் தண்ணீர் கிடையாது. பெண்கள் நெடுந்தூரம் இறங்கிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வீட்டுக்குள் பானைகளில் நாள்கணக்கில் சேர்த்துவைப்பார்கள். நோயைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, முட்டையிடுவதற்கு அப்படித் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடும்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2004இல், கென்யக் கடற்கரையின் லாமு தீவில் அதே நோய் வெடித்தது. அதற்கு முன்பும் வறட்சி. வீடுகளில் அதே தண்ணீர்ச் சேமிப்பு. தீவு மக்களில் நான்கில் மூன்று பங்கினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததைப் பின்னர் செய்த ரத்த ஆய்வு காட்டியது. அங்கிருந்து இந்தியப் பெருங்கடல் தீவுகளான கொமொரோஸுக்கும், 2005-06இல் ரீயூனியனுக்கும் பரவியது. ரீயூனியனில் மட்டும் ஏறத்தாழ 2,66,000 பேர், அதாவது மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர். பிறகு கடலைத் தாண்டி இந்தியா. 2006இல் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் சந்தேக நோயாளிகளாகக் கணக்கிடப்பட்டார்கள். ஆந்திரமும் கர்நாடகமும் தமிழ்நாடும் முடங்கின. எங்கள் தெருவில் நோயின் பெயரைச் 'சிக்கன் குனியா' என்று கேட்டுக்கொண்டு கோழிக்கறியை விலக்கியவர்கள் இருந்தார்கள். நிலவேம்புக் கஷாயம் கொதிக்காத வீடு இல்லை. என் தாயார் ஆறு மாதம் மாடிப்படி ஏறவில்லை. லாமுவின் தண்ணீர்ப் பானைக்கும் எங்கள் தெருவுக்கும் இடையில் இரண்டே ஆண்டுதான் இடைவெளி. எனவே இதை எட்டத்திலிருந்து அறிவுரை கூறுபவனின் மடலாகத் தாங்கள் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அந்தக் கொசுவைப் பற்றி. ஆப்பிரிக்கச் சுகாதாரத் துறைகள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் கட்டியெழுப்பிய கொசுத் தடுப்பு முழுவதும், நியாயமாகவே, மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவை எதிர்பார்த்து அமைந்தது. அது இரவில் கடிக்கும்; ஆகவே மருந்து தோய்த்த கொசுவலை. அது வீட்டுச் சுவரில் உட்காரும். ஆகவே சுவரில் மருந்து தெளித்தல். இந்த இரண்டும் காப்பாற்றிய குழந்தைகளின் எண்ணிக்கையை எவரும் குறைத்துப் பேச முடியாது, நானும் பேசவில்லை. ஆனால் ஏடிஸ் எஜிப்தி பகலில் கடிப்பது. காலையில் பள்ளிக்கூட வகுப்பிலும், மாலையில் சந்தையிலும், பட்டறையிலும், மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்திலும் கடிப்பது. படுக்கைமேல் கட்டிய வலைக்கு அந்த நேரத்தில் வேலையே இல்லை. ஆப்பிரிக்கக் காடுகளில் மரப்பொந்துத் தண்ணீரில் பிறந்து, மனிதரின் பானையையும் பீப்பாயையும் கண்டு வீட்டோடு வந்து சேர்ந்து, அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் அட்லாண்டிக்கைக் கடந்து, உலகம் முழுவதும் பரவிய கொசு அது. தார் எஸ் சலாமில் தண்ணீர்ப் பீப்பாயைப் 'பீபா' என்பார்கள். எங்களுக்கும் அது பீப்பாய்தான். இரு மொழிக்கும் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல் அது. கொசுவும் சொல்லும் ஒரே வகைக் கப்பல்களில் பயணம் செய்திருக்கின்றன.

இந்தக் கொசுவை அடக்கும் வேலை தண்ணீர்க் குழாயிலிருந்து தொடங்குகிறது. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வரும் வீட்டில் பீப்பாய் தேவையில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்தாலும் வரலாம் என்ற நிலையில் இருக்கும் வீட்டில், பீப்பாயைக் கவிழ்த்துவிடச் சொல்லும் சுவரொட்டிக்கு யார் செவிசாய்ப்பார்கள்? புர்கினா ஃபாசோவில் 2023இல் நேர்ந்ததைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஏறத்தாழ 1,46,000 பேர் சந்தேக டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வாகடூகூவும் போபோ-தியூலாசோவும்தான் மையங்கள். உள்நாட்டு வன்முறையால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்து, நகரங்களும் முகாம்களும் நிரம்பி வழிந்த நாடு அது. தண்ணீரைச் சேர்த்துவைக்காமல் அங்கே ஒரு குடும்பம் ஒருநாளும் கழிக்க முடியாது. அந்நாட்டு மக்கள் டெங்குவை 'பாலு டெங்கு' என்கிறார்கள். 'பாலு' என்பது மலேரியாவுக்குரிய பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். அதாவது அவர்களுக்கு அது மலேரியாவிலேயே ஒரு வகை. மக்களின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எந்தக் காய்ச்சலோடு போனாலும் மலேரியா என்ற ஒரே சொல்லையே சுகாதார நிலையத்தில் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வந்தவர்கள் வேறு எப்படிப் பெயர் வைப்பார்கள்? அதே ஆண்டில் சாட் நாடு தன் முதல் டெங்குப் பரவலை அறிவித்தது. அதற்கு முன் அங்கே டெங்கு இருந்ததே இல்லை என்பதற்கு அது சான்றாகுமா, அல்லது அதுவரை எவரும் தேடவில்லை என்பதற்குச் சான்றா என்று எனக்குள் ஐயம் எழுகிறது.

மஞ்சள் காய்ச்சலைப் பற்றிச் சொல்லும்போது கோபம் வராமல் எழுதுவது கடினம். இந்த ஒரு நோய்க்கு மட்டும், 1930களிலிருந்தே, ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுதும் காக்கும் தடுப்பூசி இருக்கிறது. அதற்கு அடிப்படையான வைரஸ் 1927இல் இன்றைய கானா நாட்டு நோயாளி ஒருவரின் ரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. தடுப்பூசியை உருவாக்கிய மாக்ஸ் தைலருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் தகுதிச் சான்று அளித்த தயாரிப்பாளர் நால்வரில் ஒருவர் செனகல் நாட்டின் தக்கார் நகரிலேயே, பாஸ்டர் நிறுவனத்தில், இருக்கிறார். இத்தனை இருந்தும் 2015 டிசம்பரில் அங்கோலாவின் லுவாண்டாவில் தொடங்கிய பரவல், காங்கோ ஜனநாயகக் குடியரசுக்குள் நுழைந்து, உலகத்தின் 60 லட்சம் ஊசி அவசரக் கையிருப்பைக் காலி செய்துவிட்டது. 2016 ஆகஸ்டில் அந்நாட்டின் தலைநகர் கின்ஷாசாவில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு மருந்தையே போட வேண்டியதாயிற்று. அந்தப் பங்குமுறை பலன் தந்தது என்பதும், அதை இரண்டே வாரங்களில் நடத்திக் காட்டிய கின்ஷாசாவின் ஊழியர்கள் வணங்கத்தக்கவர்கள் என்பதும் உண்மை. இருப்பினும் ஓர் ஊசியை ஐவருக்குப் பங்கிட வேண்டிய நிலைக்கு ஒரு தலைநகரம் ஏன் தள்ளப்பட்டது என்ற கேள்வி நிற்கிறது. உங்கள் நாடுகளிலிருந்து சென்னைக்கு வந்து இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை இருக்கிறதா என்று விமான நிலையத்தில் தவறாமல் கேட்பார்கள். என் அட்டையை இன்றும் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பயணிக்கு விடாமல் போடப்படும் ஊசி, அந்தப் பயணியின் பெட்டியைத் தூக்கிவிட்ட தொழிலாளிக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று எந்த விமான நிலையமும் கேட்பதில்லை.

27 ஆப்பிரிக்க நாடுகளை முன்னிறுத்தி 2017இல் தொடங்கிய மஞ்சள் காய்ச்சல் ஒழிப்புத் திட்டம் 2026ஆம் ஆண்டு வரைக்கானது. அதன் கெடு முடிவதற்குள், குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் விடுபட்ட இளைஞர்களை, குறிப்பாகச் சுரங்கத்துக்கும் காட்டோர வேலைக்கும் இடம்பெயர்ந்து போகிறவர்களைத் தேடிப்போய் ஊசி போடுவது தங்கள் கையில் இருக்கிறது.

ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலில் நிலைமை வேறு. அங்கே முதல் எச்சரிக்கை மருத்துவமனைக்கு வருவதே இல்லை, பட்டிக்கு வருகிறது. பெருமழைக்குப் பின் பள்ளங்களில் நீர் நிற்கும்போது, ஆண்டுக்கணக்கில் காய்ந்த மண்ணில் கிடந்த ஏடிஸ் முட்டைகள் பொரிகின்றன. அவற்றில் சில வைரஸோடே பொரிகின்றன. சில வாரங்களில் செம்மறி ஆடுகள் கூட்டம் கூட்டமாகக் கருக்கலைந்து குட்டி வீசுகின்றன. மேய்ப்பவருக்கு அது உடனே தெரியும். அவர் சொன்னால் கால்நடை மருத்துவருக்குத் தெரியும். கால்நடைத் துறையிலிருந்து சுகாதாரத் துறைக்கு அந்தச் செய்தி நடந்து வருவதற்குள்தான் மனிதர்கள் நோயுற்ற ஆட்டை அறுத்து, ரத்தத்தைத் தொட்டு, படுத்துவிடுகிறார்கள். 2006இல், பசிபிக் கடல் சூடேறி மழையின் போக்கை மாற்றும் எல் நினோவின் அறிகுறியைச் செயற்கைக்கோள் படங்களில் கண்ட ஆய்வாளர்கள், கென்யாவின் வடகிழக்கில் நோய் வரக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். சொன்னபடியே வந்தது. கால்நடைகளுக்கான தடுப்பூசி வேலை பரவலுக்குப் பிறகே வேகமெடுத்தது. அந்தப் பரவலில் கென்யாவில் மட்டும் 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2025 செப்டம்பரில் செனகலின் வடக்கே, செயிண்ட் லூயி பகுதியில் அதே நோய் மறுபடியும் தலையெடுத்தது. செனகல் நதிக்கரை 1987லேயே இந்த நோயால் அடிபட்ட இடம். மனிதருக்கான அனுமதி பெற்ற தடுப்பூசி இதற்கு இன்னும் இல்லாத நிலையில், ஆட்டுக்குப் போடும் ஊசிதான் மனிதருக்கும் காப்பு. அதற்குரிய செலவைக் கால்நடைத் துறையின் தலையில் மட்டும் கட்டிவிட்டுச் சுகாதார அமைச்சகம் ஒதுங்கியிருப்பது முறையாகாது.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று தாங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. 2001இல் நைஜீரியாவின் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் நிதிநிலை அறிக்கையில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி கூறியதை நினைவூட்டி வாதாடலாம். ஆனால் 2025இல் அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையே மூடப்பட்டபின், மலேரியா மாத்திரைக்கே பணம் தேடும் நாடுகளிடம் புதிய கட்டடங்களைக் கேட்பது பொருத்தமில்லை. நான் கேட்பது கட்டடமும் அல்ல. 2020 பிப்ரவரித் தொடக்கத்தில் கொரோனாவைக் கண்டறியும் வசதி ஆப்பிரிக்காவில் தக்காரிலும் தென்னாப்பிரிக்காவிலும் மட்டுமே இருந்தது. சில மாதங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது வந்துவிட்டது. வைரஸின் மரபணுவைத் தேடும் அந்தப் பிசிஆர் கருவிகள் இன்று எங்கே இருக்கின்றன? சில வேறு வேலைக்குப் பயன்படுகின்றன. சில உறை போர்த்தி மூலையில் நிற்பதையும் நான் பார்த்தேன். கொரோனாவைத் தேடிய அதே கருவி, உரிய வேதிப்பொருள் மட்டும் மாற்றப்பட்டால் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் மஞ்சள் காய்ச்சலையும் ரிஃப்ட் பள்ளத்தாக்கு வைரஸையும் தேடும். கருவியும் இருக்கிறது, அதை இயக்கக் கற்றவர்களும் இருக்கிறார்கள். மாதிரிதான் போய்ச் சேரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஒவ்வொரு நாட்டிலும் சில சுகாதார நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் மலேரியா இல்லை என்று முடிவான காய்ச்சல்காரர்களில் வாரத்துக்கு ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையினரின் ரத்தத்தைத் தூக்கி எறியாமல் குளிர்பெட்டியில் வைத்து, மாகாண ஆய்வகத்துக்கு அனுப்பச் செய்யுங்கள். எல்லோருக்கும் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதும். இங்கே ஒரு சிக்கல் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. டெங்கு, ஜிகா, மஞ்சள் காய்ச்சல், வெஸ்ட் நைல் ஆகிய நான்கும் ஒரே குடும்பத்து வைரஸ்கள் என்பதால், நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் மலிவான பரிசோதனைகள் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடும். அதனால்தான் காய்ச்சலின் முதல் சில நாள்களிலேயே எடுத்த மாதிரியில் வைரஸையே தேட வேண்டும் என்கிறேன். விடை வரும்போது அது மாகாண அலுவலகத்தின் கோப்போடு நின்றுவிடாமல், மாதிரி அனுப்பிய ஊழியரின் கைக்குத் திரும்பி வர வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். அனுப்பிய ரத்தத்துக்கு விடையே வராத இடத்தில் மூன்றாவது மாதத்தோடு அனுப்புவதும் நின்றுவிடும். எங்கள் ஆய்வகத்தில் அப்படி நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

கொசுவைப் பொறுத்தவரை, புகை மருந்து அடிக்கும் வண்டியை மட்டும் நம்ப வேண்டாம் என்று 2012இல் டெங்குவில் அடிபட்ட மாவட்டத்துக்காரன் என்ற முறையில் பணிவுடன் சொல்கிறேன். புகை போடும் காட்சி மக்களுக்கு ஆறுதல் தரும். வீட்டுக்குள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கொசுவை அது பெரும்பாலும் தொடாது. எங்கள் ஊரில் பலன் கண்டது, வாரந்தோறும் வீடு வீடாக வந்து தொட்டியையும் குடத்தையும் டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் எட்டிப் பார்த்து, புழு இருந்தால் கொட்டிவிட்டுப் போன பெண் பணியாளர்களால்தான். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கூலி சொற்பம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாங்கள் அதில் மட்டும் எங்களைப் பின்பற்ற வேண்டாம்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு கொசு அங்கே வந்திருக்கிறது. சென்னையின் கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் வளர்ந்து நகர மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சை, தெற்காசியாவிலும் அரேபியப் பகுதியிலும் இருந்த இனம், 2012இல் ஜிபூட்டியில் காணப்பட்டு, பிறகு எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, நைஜீரியா, கானா, கென்யா என்று தென்பட்டிருக்கிறது. அது பரப்புவது வைரஸை அல்ல, மலேரியாவை. ஆனால் ஏடிஸ் முட்டையிடும் அதே தொட்டியில், அதே பீப்பாயில்தான் அதுவும் முட்டையிடுகிறது. மலேரியாவுக்கு வேறு பணம், டெங்குவுக்கு வேறு பணம் என்று பிரித்து வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு, ஒரே மூடியைப் போட்டு ஒரே பீப்பாயை மூடுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. மலேரியா நிதியிலிருந்தே அந்த மூடியை வாங்கலாம். அதற்கு எவரும் தணிக்கையில் கேள்வி கேட்க முடியாது.

நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் பதிவேட்டில் 'மலேரியா' என்ற கட்டத்துக்கு வலப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. அச்சடித்தவர் ஓரத்துக்காக விட்ட இடம். அடுத்த ஆண்டுக்கான பதிவேடுகளை அச்சுக்கு அனுப்பும்போது அந்த இடத்தில் இன்னொரு கோடு போட்டு, 'மாதிரி அனுப்பிய நாள்', 'விடை வந்த நாள்' என்று இரண்டு தலைப்புகளைச் சேர்க்கும்படி தங்கள் அலுவலகங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்புவீர்களா என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு முன்னாள் ஆய்வக நுட்புநர்
திருநெல்வேலி மாவட்டம்